சுறா முட்டை பொரிப்பது எளிது, வளர்ப்பது?

திருத்தணி இளைஞர் ஒருவர், வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துச் சுறா முட்டை பொரிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டிகளில் கப்பி, மோலி வளர்த்து விற்பவர். மீன் பழக்கம் உள்ளவர்தான். இருந்தாலும் வேண்டாம் என்றேன். அவரைப் போல் ஆசைப்படும் மற்றவர்களுக்கும் காரணம் தெரிய வேண்டும்.

வண்ண மீன் கடைகளில் 'ஷார்க்' என்று விற்கும் வெள்ளிநிறக் குஞ்சு சுறாவே அல்ல. அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி, பங்காசியஸ் என்பார்கள். ஆந்திரத்துக் குளங்களில் உணவுக்காக வளர்க்கப்படும் நன்னீர் மீன். இங்கே பேச்சு நிஜச் சுறாவைப் பற்றி.

வீட்டுத் தொட்டிக்கு வெளிநாடுகளில் வாங்குவது மூங்கில் சுறா இனங்களை. கடலடியில் படுத்துக் கிடந்து, இரவில் இறால், நண்டு தேடித் தின்பவை. நம் மன்னார் வளைகுடாவிலும் சாம்பல் மூங்கில் சுறா உண்டு. முட்டை தோல் பை போல் இருக்கும். கோழி முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்ப்பது போல இதையும் பார்த்தால் உள்ளே குஞ்சு நெளிவது தெரியும். கோழிக்கு 21 நாள். இதற்கு ஏறக்குறைய 4 மாதம். பொரிக்கும் குஞ்சு ஒரு சாண் நீளம் கூட இராது. முட்டைக்குள் இருக்கும்போதே எதிரி மீனின் மின் அதிர்வை உணர்ந்து, செவுள் அசைவை நிறுத்தி மூச்சடக்கிக் கொள்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் ஒரு காட்சிச்சாலைப் பெண் சுறா, ஆண் துணையின்றி 45 மாதம் கழித்தும் கருவுற்ற முட்டை இட்டதாம்! ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

சங்கடம் தண்ணீரில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 35 கிலோ. கல்லுப்பைக் கரைத்தால் போதுமே என்பார் இளைஞர். போதாது. உப்பளத்தில் சுண்ணாம்புச் சத்து முன்பாத்திகளிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது. நமக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடற்கரையிலிருந்து லாரியில் நீர் கொண்டுவர வேண்டும், அல்லது விலை கொடுத்துக் கடலுப்புக் கலவை வாங்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூங்கில் சுறாவுக்கு ஏற்ற வெப்பம் 25 டிகிரி அளவு. சித்திரை, வைகாசியில் திருத்தணி 42 டிகிரியைத் தாண்டுவதை நாம் அறிவோம். நீரைக் குளிர்விக்கும் கருவி இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் காற்றுப் பம்பும் நிற்கும். இறால் தின்னும் மீன் விடும் கழிவில் அம்மோனியா ஏறும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர் வடிகட்டியில் பெருக ஒரு மாதத்துக்கு மேலாகும். அதற்கு முன் குஞ்சை விட்டால் சாகும். மற்ற மீனின் நோய்க்குப் போடும் தாமிர மருந்து, சுறாவுக்கு நஞ்சு.

இத்தனையும் கடந்து பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். பழுப்புப் பட்டை மூங்கில் சுறா ஒரு மீட்டர் வரை வளரும். நாலடித் தொட்டியில் அது திரும்புவது எப்படி? ஏரியில் விட்டால் இறந்துவிடும். கடலில் விட்டால் தொட்டி நோயையும் சேர்த்து விட்டவர்களாவோம். விற்கலாம் என்றால், வாங்குபவரிடமும் அதே நாலடித் தொட்டிதான் இருக்கும். சில சுறா இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ளன. எந்த முட்டை எந்த இனம் என்று இனம் காண்பது நம்மால் ஆகிற காரியமா?

வலையில் சிக்கும் முட்டைகளைக் கடற்கரையிலேயே, ஓடும் கடல்நீரில் பொரிக்க வைத்துத் திரும்ப விடுவதே முறை. மண்டபத்தில் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து காட்டிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்றவர்களுக்கு ஏற்ற வேலை அது.

இளைஞர் அரைமனதாகத்தான் போனார். கப்பித் தொட்டிகளுக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போடுமாறு சொல்லி அனுப்பினேன். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.