எல்லைக் கோடும் காப்பிச் செடியும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போய்ச் சேருகிறவர்களுக்கு, சமவெளியின் தொல்லைகள் இத்தனை உயரம் ஏறி வர மாட்டா என்று ஒரு நம்பிக்கை பிறப்பது சகஜம். நமக்கும் அப்படித்தான் பிறந்தது. சேர்வராயன் கோவில் வாசலில் குளிர்ந்த காற்றை அனுபவித்துக்கொண்டிருந்த சமயத்தில், கூட வந்த சிநேகிதர் அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டார்.

சிநேகிதர் சேலத்தில் முப்பது வருஷம் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடெண்டு பண்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. தரகர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா! கொங்கு நாடு தனி ராஜ்யமாகப் போகிறது. அப்போது மலை நிலம் மூன்று மடங்கு விலை போகும். இப்போதே இரண்டு ஏக்கர் வாங்கிப் போடுங்கள்" என்று உபதேசம் செய்திருக்கிறார். "வாங்கலாமா, கூடாதா?" என்பது சிநேகிதரின் கேள்வி. ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தபடியால், சிரித்துத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

கொங்கு நாட்டைப் பிரிக்கும் பேச்சு பலமாக எழுந்தது 2021-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில். புதிதாக மத்திய மந்திரியான ஸ்ரீ எல். முருகனைப் பற்றிய சர்க்கார் குறிப்பில் அவருடைய ஊர் 'கொங்கு நாடு' என்று குறிக்கப்பட்டது. அந்த ஒரு வார்த்தையிலிருந்து மேற்கு ஜில்லாக்களைத் தனிப் பிரதேசமாக்கலாமா என்ற வாதம் கிளம்பி, சில வாரம் அமளிப்பட்டு அடங்கியது. எல்லைக் கோடு எதுவும் மாறவில்லை. ஆனால் தரகர்களின் ஞாபகசக்தி அபாரமானது!

பிரிவினையால் நில விலை ஏறாது என்று நாம் சொல்லவில்லை. ஏறும். ஏறியதையும், பிறகு நடந்ததையும் நம் அண்டை வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

2014 ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா தனி ராஜ்யமாயிற்று. ஹைதராபாத் அதன் பங்குக்குப் போகவே, ஆந்திரத்துக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. விஜயவாடாவுக்கும் குண்டூருக்கும் இடையே, கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்று முடிவாயிற்று. வாழையும் காய்கறியும் மலரும் பருத்தியும் விளைந்த அந்த மண் பல மடங்கு விலை ஏறியது. 29 கிராமங்களின் குடியானவர்கள் 33,000 ஏக்கருக்கு மேல் சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள். பதிலுக்கு, நகரம் எழும்பியதும் அதில் மனைகள் கிடைக்கும். அதுவரை பத்து வருஷத்துக்கு, ஏக்கருக்கு வருஷத்தில் புன்செய்க்கு 30,000 ரூபாயும், பல போகம் விளையும் நிலத்துக்கு 50,000 ரூபாயும், ஆண்டுதோறும் சிறிது உயர்த்தித் தரப்படும் என்று ஏற்பாடு.

2019-இல் ஆட்சி மாறியது. டிசம்பர் மாதத்தில், தலைநகர் ஒன்றல்ல, மூன்று என்ற யோசனை வெளியாயிற்று. விலை சரிந்தது. கையில் ஏரும் இல்லை, மனையும் இல்லை என்ற நிலையில் குடியானவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2021 கடைசியில் அமராவதியிலிருந்து திருப்பதி வரையில் ஸ்திரீகளும் புருஷர்களுமாகக் கால்நடையாய் நடந்தார்கள். 2022 மார்ச்சில் ஹைகோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024-இல் மீண்டும் ஆட்சி மாறி, 2025 மே மாதத்தில் கட்டிட வேலைகளைப் பிரதம மந்திரி மறுபடியும் துவக்கி வைத்தார். விலையும் மறுபடி நிமிர்ந்தது. ஆனால் நடுவிலே கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டவனுக்கு அதனால் என்ன லாபம்? சொந்த நிலமே இல்லாமல் அந்த வயல்களில் கூலி வேலை செய்து பிழைத்தவனுக்கோ, மனையும் கிடையாது, வேலையும் போயிற்று.

ஆகவே நிலத்துக்கு இரண்டு விலை உண்டு என்று தெரிகிறது. ஒன்று வெள்ளாமை விலை. மற்றொன்று வதந்தி விலை. முன்னது மண்ணையும் தண்ணீரையும் உழைப்பையும் பொறுத்தது. பின்னது எங்கோ ஓர் அறையில் யாரோ சிலர் தேசப்படத்தின் மேல் கோடு கிழிப்பதைப் பொறுத்தது. அவர்கள் கையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் அந்த விலை மாயமாய் மறைந்துவிடும்.

ஏற்காட்டைப் பொறுத்தவரை வேடிக்கை ஒன்று உண்டு. கொங்கு நாட்டுப் பேச்சு அமளிப்பட்ட அதே 2021 ஜூலையில், பிரேசில் தேசத்தின் காப்பித் தோட்டங்களில் கடுமையான உறைபனி பெய்தது. நியூயார்க் மார்க்கெட்டில் அராபிகா காப்பியின் விலை பல வருஷங்களாகக் காணாத உயரத்துக்குத் தாவியது. சேர்வராயன் மலையில் விளைவதும் அராபிகாவே. இந்த மலையின் ஏக்கர் என்ன சம்பாதிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில், கோயமுத்தூரில் தலைநகர் வருமா என்ற கேள்வியைவிடப் பிரேசிலில் பனி பெய்யுமா என்ற கேள்விக்கே அதிகப் பங்கு!

மலையும் எத்தனையோ எல்லைகளைப் பார்த்துவிட்டது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு மாறியது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் துரை இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். 1947-இல் வெள்ளைக்காரக் கொடி இறங்கியது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1969-இல் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்ற பெயர் பெற்றது. சில்வர் ஓக் மரத்தின் நிழலில், நட்ட மூன்று நான்கு வருஷத்தில் காய்ப்பதென்ற வழக்கத்தைக் காப்பிச் செடி இவற்றில் எதற்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை.

தனி ராஜ்யம் கேட்பதே குற்றம் என்பது நம் கட்சியல்ல. தண்ணீரிலும் உத்தியோகத்திலும் அநீதி நேர்ந்ததென்று தெலங்கானா ஜனங்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். பாரத தேசத்துக்குள்ளேயே அதற்குப் பரிகாரம் தேடிக்கொண்டார்கள். நியாயமான குறையைச் சொல்லிப் பிரிவினை கேட்பவனோடு தர்க்கம் செய்யலாம். மனை விலையை எண்ணிப் பிரிவினை கேட்பவனைக் கண்டால் மட்டும் பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சிநேகிதர் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் காலை தரகர் குறித்துக் கொடுத்த தோட்டத்துக்கு நாமும் உடன் சென்றோம். ஏக்கர் என்ன விலை என்று கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை காய்க்கும்? கோடையில் ஊற்றுத் தண்ணீர் நிற்குமா? மிளகுக் கொடி எத்தனை வயசு?" என்று விசாரித்தார்.

தோட்டத்துப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "நிலம் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள், ஐயா! செடியைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காப்பி கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.