வானம் தெளிவு, காற்றும் இல்லை... ஆனாலும் கடல் ஏன் ஆபத்து? 'கள்ளக்கடல்' முதல் பழவேற்காடு முகத்துவாரம் வரை

"திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், அது அம்மையார்குப்பத்துக்கும் சேர்த்துத்தான். திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவாளர் ஊர் அது. அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 100 கி.மீ.க்கு நெருக்கமான தூரம். ஓர் ஊரில் அந்த அலர்ட் வந்தால் தறி இருக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னோர் ஊரில் கேள்வியே வேறு: படகை இறக்கலாமா, வேண்டாமா?

அந்த ஆரஞ்சு நிறம் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாது. மாவட்ட வாரியாக வரும் நிற எச்சரிக்கை பெரும்பாலும் நிலத்தில் பெய்யும் மழையைப் பற்றியது. கடலுக்குத் தனி அறிக்கை, தனி எல்லைகள், தனி அளவுகள். இது தெரியாமல், "இன்னிக்கு அலர்ட் எதுவும் இல்லையே, வெயில் அடிக்குதே" என்று கடற்கரைக்குக் கிளம்புபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

'கோல்டு ஃப்ரன்ட்' நம்ம ஊருக்கு வருமா?

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் படகு வைத்திருப்பவர்கள் அன்றாடம் பார்க்கும் வார்த்தை 'கோல்டு ஃப்ரன்ட்'. குளிர்ந்த, கனமான காற்று ஒரு சுவர் மாதிரி முன்னேறி வந்து, எதிரே இருக்கும் வெப்பக் காற்றை மேலே தள்ளும். அந்தச் சுவர் கடக்கும்போது காற்றின் திசை சட்டென்று மாறும், வேகம் கூடும், அலை எழும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கடல், மதியத்துக்குள் படகைப் புரட்டும் கடலாகிவிடும்.

தமிழ்நாட்டுக் கரைக்கு அந்த மாதிரி குளிர் முகப்பு வருவதில்லை. நாம் இருப்பது வெப்பமண்டலம். வடஇந்தியா வரை வரும் மேற்கத்தியக் கலக்கத்தின் குளிர் இங்கே வந்து சேர்வதற்குள் சாதுவாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் வீசும் வாடைக் காற்றுதான் நமக்குத் தெரிந்த 'குளிர்க் காற்று'. அது பலமாக வீசினால் வட தமிழகக் கரையில் அலை கூடும், சிறிய படகுகள் தள்ளாடும். ஆனால் அதை மீனவர்களுக்குக் கரையில் நின்றபடியே கண்டுபிடித்துவிட முடியும்.

கரையில் நின்று கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. குளிர் முகப்பு நம்மிடம் வராவிட்டாலும், அது கிளப்பிவிட்ட அலை வரும். அதுவும் சில நாட்கள் கழித்து, காற்றே இல்லாத ஒரு நாளில்.

6 மே 2024, லெமூர் கடற்கரை

கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே இருக்கும் லெமூர் கடற்கரையில் அன்று கடலில் சிக்கி ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தனர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ அப்போது புயல் எதுவும் இல்லை. ஆனால் கடல் எச்சரிக்கை இருந்தது. கேரளம், தென் தமிழகக் கரைகளுக்கு அதற்கு முன்பே 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. விடுத்தது ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக 'இன்காய்ஸ்'.

கள்ளக்கடல் என்பது கேரள மீனவர்களின் சொல். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வரும் கடல். 2012-இல் யுனெஸ்கோ இதை அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனாலும் தமிழ் ஊடகங்களில் இது 'கடல் சீற்றம்' என்றுதான் வருகிறது. புயலுக்கும் கடல் சீற்றம், வாடைக்கும் கடல் சீற்றம், கள்ளக்கடலுக்கும் கடல் சீற்றம். பிரச்சினை என்னவென்றால், சீற்றம் என்று படித்தவர் சீறுகிற கடலைத் தேடுவார். கள்ளக்கடல் பார்வைக்குச் சீறாது. பல நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, திடீரென நாலைந்து பெரிய அலைகள் வரிசையாக ஏறும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள், பாறையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

இந்த அலைகள் எங்கே பிறக்கின்றன? நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் தென் சமுத்திரப் பகுதியில். அண்டார்க்டிகா பக்கத்துக் குளிர் காற்றும் வடக்கேயிருந்து வரும் வெப்பக் காற்றும் மோதும் இடம் அது. குளிர் முகப்புகளின் தொழிற்சாலை என்றே சொல்லலாம். அங்கே உருவாகும் தாழ்வழுத்தங்கள் நாள்கணக்கில் ஒரே திசையில் கடலை அடித்துத் தள்ளும். 2024 மே அலையின் கதை இன்னும் தூரத்தில் ஆரம்பித்தது. ஏப்ரல் கடைசியில் தெற்கு அட்லாண்டிக்கில் கிளம்பிய ஒரு தாழ்வழுத்தம், ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. அதன் அலைகள்தான் மே முதல் வாரத்தில் குமரிக் கரையைத் தொட்டன.

இப்படித் தொலைவிலிருந்து வரும் அலைக்கு 'ஸ்வெல்' என்று பெயர். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை 4, 5 விநாடிக்கு ஒன்று என்று கலைந்து கலைந்து வரும். ஸ்வெல் 15, 18 விநாடிக்கு ஒன்று என்று நிதானமாக வரும். இந்த விநாடிக் கணக்குதான் முக்கியம். 18 விநாடி அலைக் கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும். ஒரு நாளைக்கு 1,200 கி.மீ. அப்படியென்றால் 5,000, 6,000 கி.மீ. தாண்டி நம் கரைக்கு வர நாலைந்து நாள். அதற்குள் அதை உருவாக்கிய புயல் செத்தே போயிருக்கும்.

இதில் இன்னொரு விநோதம். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு இந்த அலை தெரியவே தெரியாது. 16 விநாடி அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 400 மீட்டர் தூரம். ஒரு மீட்டர் உயரம் அவ்வளவு தூரத்தில் பரவி இருந்தால், படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். கரை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழந்து, நெருக்கி, நிமிரும். அதனால்தான் கள்ளக்கடல் நேரத்தில் அடிவாங்குவது ஆழ்கடலில் இருக்கும் விசைப்படகு இல்லை. கரையில் நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளும், கரையலையைத் தாண்டிப் போகவோ திரும்பவோ முயல்பவர்களும், கால் நனைக்க வந்தவர்களும்தான்.

அந்த நாட்களின் கேரள எச்சரிக்கைகளில் சொல்லப்பட்ட அலை உயரம் 0.5 முதல் 1.5 மீட்டர் வரைதான். கேட்டால் யாருக்கும் பயம் வராது. உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகும் இடம் இதுவே.

சரி, ஓதத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

6 மே 2024-க்கு இரண்டு நாள் கழித்து அமாவாசை. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, கடல் ஏற்றம் வழக்கத்தைவிட உயரமாகவும் வற்றம் வழக்கத்தைவிடத் தாழ்வாகவும் இருக்கும். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் தண்ணீர் மேல் ஸ்வெல் வந்தால், அலை இன்னும் உள்ளே ஏறும்.

நம் கரையில் ஓதம் பெரிய விஷயமாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் அமாவாசை சமயத்தில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இது 10 மீட்டரைத் தொடும். நமக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் "போன வாரம் காலையில போனோம், ஒண்ணும் ஆகலையே" என்பது இந்த வாரத்துக்குப் பொருந்தாது.

இந்த ஒரு மீட்டர் என்ன செய்யும் என்பதைக் கன்னியாகுமரி போனவர்கள் படகுத்துறை வரிசையில் பார்த்திருப்பார்கள். 'நீர்மட்டம் தாழ்வு, படகுப் போக்குவரத்து தாமதம்' என்பது அமாவாசை, பௌர்ணமி தோறும் வரும் செய்தி. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறை வரை போனாலும், பக்கத்துப் பாறையில் இருக்கும் திருவள்ளுவர் சிலைக்குப் பல நாட்கள் போக முடியாது. படகு பாறையில் தட்டும். இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் கட்டி 30 டிசம்பர் 2024-இல் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். செல்ஃபிக்காக மட்டும் கட்டிய பாலம் இல்லை அது. 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது' என்று பதற்றத்தோடு பரவும் வீடியோக்களில் பெரும்பாலானவையும் இந்த வற்றம்தான், சுனாமி அறிகுறி இல்லை.

முகத்துவாரம்: இரண்டும் மோதும் இடம்

ஓதமும் அலையும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காடு உதாரணம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியிலிருந்து கடலுக்குப் போக மீனவர்கள் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அது மணல் அடைத்து ஆழம் குறைவதும், தூர்வாரக் கேட்டு மீனவர்கள் போராடுவதும் பழைய கதை.

வற்றம் தொடங்கியதும் ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாயால் கடலை நோக்கி வேகமாக ஓடும். அதே நேரம் கடலிலிருந்து அலை உள்ளே வரும். எதிரோட்டத்தில் மாட்டும் அலை குறுகி, செங்குத்தாக நிமிர்ந்து உடையும். வெளியே ஒரு மீட்டர் இருந்த அலை, வாயில் சுவர் மாதிரி நிற்கும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளமும் சேர்ந்தால் ஓட்டம் இன்னும் கூடும். ஏற்றம் உள்ளே ஏறும் நேரத்திலோ தண்ணீர் நிற்கும் நேரத்திலோ முகத்துவாரத்தைக் கடப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒரே நாள், ஒரே காற்று, நாலு மணி நேர வித்தியாசத்தில் நிலைமை தலைகீழ்.

25 டிசம்பர் 2011 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் கடைசிப் பத்தியில் 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' இருக்கும். மழைச் செய்தியில் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பத்திதான். அதில் மாவட்டப் பெயர் இருக்காது. வட தமிழகக் கடலோரம், மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தென்மேற்கு வங்கக்கடல் என்று கடற்பகுதிகள் இருக்கும். காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. என்று போட்டிருந்தால் அந்தப் பகுதிக்குப் போகக் கூடாது என்று பொருள். ஆனால் இது காற்றுக்கான கணக்கு. காற்றில்லாமல் வரும் ஸ்வெல், இன்காய்ஸ் அறிக்கையில்தான் இருக்கும். அதன் 'சமுத்ரா' ஆப்பில் அலை உயரத்தோடு விநாடிக் கணக்கும் ஓத நேரமும் பார்க்கலாம். துறைமுகங்களில் ஏற்றும் 1 முதல் 11 வரையிலான புயல் கூண்டுகள் கப்பல்களுக்கானவை. கூண்டு ஏறவில்லை என்பதால் கடல் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

எச்சரிக்கை இருந்தும் போய்ச் சேராதது வேறு கதை. 30 நவம்பர் 2017-இல் ஒக்கி குமரி முனை அருகே புயலாக மாறியபோது, தூத்தூர் வட்டாரக் கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். செல்போன் சிக்னல் கரையிலிருந்து 10, 12 கி.மீ. வரைதான் எட்டும். அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' கருவி 2019-இல் வந்தது. அதுவும் ஒருவழிதான்: செய்தியை வாங்கும், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளுக்குப் பின்னால்தான் வந்தன.

கரையில் இருப்பவர்களுக்குச் சிக்னல் பிரச்சினை இல்லை. ஒரு புதுக் கடற்கரையின் ரீல்ஸ் திருத்தணி வரை வந்து சேர்கிறது. அந்தக் கடற்கரைக்கு விடுத்த எச்சரிக்கை பக்கத்து ஊர் லாட்ஜுக்குக்கூடப் போவதில்லை. வார இறுதிக்கு ரூம் புக் பண்ணுவதற்கும் எச்சரிக்கை வருவதற்கும் நடுவே இருப்பது ஓரிரு நாள்தான். அட்வான்ஸ் போய்விடுமே என்று யோசிப்பவர்கள் அதிகம்.

கள்ளக்கடல் ஒரு நாளில் முடியாது. வேகமான, நீண்ட அலைகள் முதலில் வந்து சேரும்; அதே புயலின் குறுகிய அலைகள் பின்னாலேயே ஓரிரு நாள் வந்துகொண்டிருக்கும். முதல் நாள் கரை அமைதியாகத் தெரிந்தாலும் எச்சரிக்கை விலக்கப்படும் வரை படகுகளை மேலே ஏற்றி, ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்வது அதனால்தான்.