இடுப்பில் இருப்பதே தெரியாத துப்பாக்கி: அமெரிக்கர்கள் எதைத் தேடி வாங்குகிறார்கள்?

அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் 2023-ம் ஆண்டில் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பயணிகளின் கைப்பைகளில் சிக்கின. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் தோட்டா நிரப்பப்பட்டிருந்தது. அபராதம் பல ஆயிரம் டாலர் வரை போகலாம். மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பையில இருந்ததையே மறந்துட்டேன்."

சாக்குப்போக்கு மாதிரித் தெரியலாம். ஆனால், இன்று அந்த நாட்டுக் கடைகளில் நன்றாக விலைபோகும் கைத்துப்பாக்கிகளைப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கலாம் என்று தோன்றும். ஒரு அங்குலம்தான் தடிமன். எடை அரை கிலோ. சட்டைக்குள் செருகினால் வெளியே தெரியாது. கொஞ்ச நாளில் போட்டிருப்பவருக்கே தெரியாது.

பிறர் கண்ணில் படாமல் துப்பாக்கியை உடலோடு வைத்துக்கொண்டு நடமாடுவதை அங்கே 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள். ஒருகாலத்தில் பல மாநிலங்களில் இதற்கு உரிமம் பெறுவது குதிரைக்கொம்பு. தகுதியுள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1987-ல் ஃப்ளோரிடா சட்டம் போட்டது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. எதற்காகத் துப்பாக்கி என்று சிறப்புக் காரணம் காட்டச் சொன்ன நியூயார்க்கின் பழைய சட்டத்தையும் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்துவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 'இந்த மாநிலத்துல லைசென்ஸே வேணாமாம்' என்று நண்பர் சொல்வதை நம்பி இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

சின்னதாக ஆன கதை

துப்பாக்கி சிறுத்ததற்கு, அதைக் கட்டுப்படுத்த வந்த ஒரு சட்டமும் காரணம் என்பது வேடிக்கை. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்க 1994-ல் பத்தாண்டுத் தடை வந்தது. பத்துதான் என்றால் எதற்குப் பெரிய பிடி? தயாரிப்பாளர்கள் உடலைச் சுருக்க ஆரம்பித்தார்கள். 2008-ல் வந்த ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம்தான். 2018-ல் வந்த சிக் சாவர் பி365, உள்ளங்கை அளவு உடலில் பத்துத் தோட்டா மேகசினை அடக்கிக் காட்டியது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் ஓடின.

ஆனால் இயற்பியலுக்கு விளம்பரம் புரியாது. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் கையை அதிகமாக உதைக்கும். குழாய் குட்டையானால் குறிபார்க்கும் இரு முனைகளுக்கும் இடையே தூரம் குறையும். இம்மி பிசகினாலும் குண்டு தள்ளிப் போகும். பிடி குட்டையானால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். இருந்தும், பெண்களுக்கும் புதியவர்களுக்கும் இருப்பதிலேயே சின்னதை எடுத்து நீட்டும் விற்பனையாளர்கள் இன்றும் உண்டு. சின்ன கைக்குச் சின்ன துப்பாக்கி என்பது கேட்க நன்றாக இருக்கும். சுடும்போதுதான் தெரியும், கற்றுக்கொள்ளக் கஷ்டமானது அதுதான் என்று.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு, சுமார் 600 கிராம் எடையுள்ள கிளாக் 19 போன்ற நடுத்தர அளவு, பாக்கெட்டுக்குள் போகும் குட்டியைவிட மேல். வசதி கொஞ்சம் குறையும். இருப்பது நினைவில் நிற்கும், அதுவும் நல்லதுதான்.

உறை எங்கே?

எந்த மாடல் என்று வாரக்கணக்கில் யூடியூப் பார்ப்பவர்கள், அதை எதில் வைப்பது என்று ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. டிரிகரை முழுவதும் மூடும் கெட்டியான உறை, இடுப்பில் அசையாமல் நிற்க வேண்டும். கைப்பை அதற்கு ஈடாகாது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, அருகே இருந்த தாயின் கைப்பைக்குள் கையை விட்டது. துப்பாக்கி வெடித்து 29 வயதுத் தாய் அங்கேயே இறந்தார். அது துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையுடன் தைக்கப்பட்ட பை.

தெருவில் வரப்போகும் திருடனை நினைத்துத்தான் இதெல்லாம் வாங்கப்படுகிறது. ஆனால் 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 பேரில் ஏறக்குறைய 27,300 பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். இடுப்பில் போகும் துப்பாக்கி ராத்திரி வீட்டுக்குத்தானே வருகிறது? மனம் உடைந்த ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில், மேசை டிராயரில், தலையணை ஓரத்தில் கிடக்கிறது. அளவு, எடை, தோட்டா எண்ணிக்கை என்று நீளும் பேச்சில் இந்த இரவு நேரம் மட்டும் வருவதே இல்லை.

உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே பூட்டு அல்லது பாதுகாப்புச் சாதனம் ஒன்றைத் தர வேண்டும் என்று 2005-ல் மத்தியச் சட்டம் வந்தது. வாங்கியவர் அதைப் பூட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாக அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.