‘ஆல் பாஸ்’ என்றொரு பழிச்சொல்

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இன்றைக்கும் கேட்கலாம்: “அதுக கொரோனா பேட்ச்லா! வீட்டுல இருந்து தின்னு, போனை நோண்டியே டிகிரி வாங்கினதுக.” அந்தப் பிள்ளைகளில் யாராவது அப்போது, ராத்திரி ஒறக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வீட்டில் வாய் திறந்திருந்தால் கிடைத்த பதிலும் இதே ரகம்தான்: “சும்மா இருக்க உனக்கு என்னலே டென்ஷன்?”

சும்மா இருப்பது சுகம், உழைக்கிறவனுக்கு மட்டுமே கவலை என்று நம்புகிற ஊர் இப்படித்தான் கேட்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் என்று மார்தட்டுகிற குமரி இதைக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் சும்மாவா இருந்தார்கள்? 2020 மார்ச்சில் கல்லூரி மூடியது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜூலையில், இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என்றார்கள். ஆகஸ்ட் 26-ல், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோரும் பாஸ் என்றார் அன்றைய முதல்வர். அதற்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. முட்டுக்கட்டை போட, விவகாரம் உயர் நீதிமன்றம் ஏறியது. பாஸா, பாஸ் இல்லையா? பதில் சொல்ல ஆளில்லை. ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், இறுதியாண்டுத் தேர்வு நடத்தாமல் பட்டம் கிடையாது என்றது. அதே நாளில்தான் நம் தொகுதி எம்.பி. எச். வசந்தகுமார் கொரோனாவில் இறந்தார். எம்.பி.யையே விடாத நோய் வாசலில் நிற்கிறது. பரீட்சைக்குப் படி என்கிறது டெல்லி. இருபது வயதுப் பிள்ளை அன்று ராத்திரி எப்படித் தூங்கும்?

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் ஆன்லைனில் தேர்வு வைத்தது. கேமரா கண்காணித்தது, தலை திரும்பினால் சந்தேகம். பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. மே மாதம் மறுதேர்வு அறிவிப்பு வந்தது. இதைத்தான் நாம் ‘ஆல் பாஸ்’ என்கிறோம்.

வீட்டு நிலவரம் வேறு. மேற்கே அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலை மூடிக் கிடந்தது, அம்மாவுக்குக் கூலி இல்லை. வளைகுடாவில் அப்பாவுக்கு வேலை போய், டிக்கெட் கிடைக்காமல் முடங்கிய வீடுகள் நம் மாவட்டத்தில் கொஞ்சமா? ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் ஜூலை 1-ம் தேதி ‘ஜலாஷ்வா’ கப்பலில் தூத்துக்குடியில் வந்து இறங்கும்வரை, கடற்கரையில் எத்தனை வீட்டில் உலை வைக்க மனம் வந்திருக்கும்? அந்த வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்கள்தான். வீட்டுக்கு ஒரு போன். அதற்குள் மூன்று பிள்ளைகளின் வகுப்பு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் அந்த ஒரு போனுக்கும் சிக்னல் தேடி அலைய வேண்டும்.

இத்தனையும் இல்லாத வசதியான வீடாகவே இருக்கட்டும். அங்கும் மனச்சோர்வு வந்தது. காரணம் எளியது. காலையில் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, கூட்டாளியோடு வம்பளந்து திரும்புவதுதான் மனித மனத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் சாரம். அதைப் பிரித்துவிட்டால் உறக்கம் விடியற்காலைக்குத் தள்ளிப் போகும். செய்ய எதுவும் இல்லாதபோது செய்யத் தோன்றுவதும் இல்லாமல் போகும். எதுவும் செய்யாததால் மனம் இன்னும் கீழே இறங்கும். நாள் தெரியாத காத்திருப்பு பதற்றத்தை வளர்க்கும். ஆக, நாம் சுகம் என்று எண்ணிய சும்மா இருத்தலே நோயின் காரணங்களில் ஒன்று.

“நாங்க மரச்சீனிக் கிழங்கு தின்னு வளந்தோம், எங்களுக்கு ஒண்ணும் வரல்லியே” என்பார்கள் பெரியவர்கள். பட்டினியை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பஞ்சம் தெருவுக்கே வந்தது, தெருவே சேர்ந்து தாங்கியது. அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் ஊரே கோயில் முற்றத்தில் கூடி அழுதது. டிசம்பரில் குழித்துறையில் ரயிலை மறித்துக் கேள்வி கேட்டது. அன்று பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2020-ல் கல்லூரியில் சேர வேண்டிய பிள்ளை. முந்தின துக்கத்தை ஊரோடு அழுது தீர்த்த அதே பிள்ளை, இந்தத் துக்கத்தில் தாத்தாவின் அடக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் அறைக்குள் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அடுத்த வாதம். வகுப்பையும் தேர்வையும் போனுக்குள் வைத்தது பிள்ளைகளா? 2021 ஜனவரியில் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது அரசு. கையில் கொடுத்துவிட்டு, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பது நல்ல வேடிக்கை.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 2020-ல் உலகெங்கும் மனச்சோர்வு நோய் கூடுதலாக 5.3 கோடிப் பேரையும் பதற்ற நோய் 7.6 கோடிப் பேரையும் பிடித்ததாக 2021-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதிகம் அடிபட்டவர்கள் இளைஞர்களும் பெண்களும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 10,335 பேர், 2020-ல் 12,526, 2021-ல் 13,089. எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பிள்ளைகள் சுகமாக இருந்த ஆண்டுகளின் கணக்கு இதுவல்ல.

மாணவர்களின் மனநலத்துக்கு உதவி எண் வையுங்கள் என்று யு.ஜி.சி. 2020 ஏப்ரலிலேயே பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. கடிதம் எழுதுவது சுலபம். வேதியியல் பேராசிரியர் பெயருக்கு எதிரே ‘கவுன்சலிங் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆலோசகர் ஆகிவிடுவாரா? கட்டடத்துக்கும் ஆண்டுவிழாவுக்கும் பணம் காண்கிற நிர்வாகங்கள் முழுநேர ஆலோசகர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குவது கஞ்சத்தனம்தான்; அதற்கு வேறு பெயர் கிடையாது.

வீடுகளும் தப்ப முடியாது. ஊளம்பாறை என்ற மனநல மருத்துவமனையின் பெயரை ஏச்சாகவே பயன்படுத்திப் பழகிய ஊர் நாம். அதனால் ஜெபக்கூட்டத்துக்கும் மந்திரவாதியிடமும் கூசாமல் போகிற குடும்பம், மனநல மருத்துவரிடம் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு போகிறது, அதுவும் கடைசியில். சாமியைக் கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தையும் கொடுங்கள்.

அந்த பேட்ச் இன்று இருபதுகளின் நடுவில், வேலையிலோ வேலை தேடியோ இருக்கிறது. “கொரோனா டிகிரியா?” என்று நேர்முகத்தில் கேட்பதை நிறுத்துங்கள். இப்போது படிக்கிற பிள்ளை முகம் வாடிக் கிடந்தால், “உனக்கு என்ன கொறச்சல்” என்பதை விட்டு, “ஒறக்கம் இல்லியா மக்ளே?” என்று கேளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.