விருந்து வைத்தால் ஆட்டம் வராது

டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றோமே, 2025 நவம்பர் 18. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடசென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் இருந்தேன். பதிமூன்று வயதுக்குட்பட்ட பையன்களுக்கான ஒருநாள் போட்டி. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கார்னர் பக்கம் தேங்கிய சேற்றில் மரத்தூளைக் கொட்டி மிதித்துவிட்டு, அதன்மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பதினாறு அணிகள். பாதிக்குப் பத்து நிமிடம், தோற்றால் வெளியே.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அணி முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்றுப்போனது. அதில் எட்டாம் நம்பர் பையனை மறக்க முடியவில்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுவான். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது. காலை எட்டு மணிக்குள் அவன் ஆட்டம் முடிந்தது. ஷூவைக் கழற்றிச் சேற்றைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

மாலையில் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். இந்தியக் கால்பந்து இப்படி விழுந்து கிடப்பதற்கு ஒரே மருந்து, நம் சம்மேளனம் வருடாவருடம் வெளிநாட்டு அணிகளை அழைத்துப் பெரிய போட்டி ஒன்றை நடத்துவதுதான் என்றார். அதை நடத்திக் காட்டினால் தரவரிசை ஏறும், கூட்டம் வரும், ஸ்பான்சர் வருவார், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றார். கைதட்டினார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. ஏனென்றால் முப்பது வருடமாக இதே பேச்சை, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், வேறு வேறு மனிதர்கள் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் இனி இருக்க முடியாது.

முதலில், இது ஏதோ புதிய யோசனை போலப் பேசுகிறார்களே, அதை மறுக்க வேண்டும். 1982இலேயே செய்து பார்த்தாயிற்று. நேரு கோப்பை என்று பெயர். முதல் வருடம் கல்கத்தாவுக்கு உருகுவே வந்து கோப்பையை எடுத்துப் போனது. அடுத்து கொச்சியில் ஹங்கேரி. 1984இல் போலந்து. அந்த வருடம் அர்ஜென்டினாவே வந்தது. அவர்களிடம் 0-1 என்றுதான் தோற்றோம் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பிறகு 1985 முதல் 1988 வரை நான்கு முறை தொடர்ந்து சோவியத் யூனியன். 1993இல் சென்னைக்கே வந்தது அந்தப் போட்டி. பிளஸ் டூ பரீட்சையை வைத்துக்கொண்டு பெரியமேடு ஸ்டேடியம் கேலரியில் போய் உட்கார்ந்தவன் நான். கோப்பை வடகொரியாவுக்குப் போனது. கடைசியாக 1995, 1997 இரண்டு முறையும் இராக்.

பதினைந்து வருடத்தில் பன்னிரண்டு முறை நடத்தினோம். ஒரு முறைகூட இறுதி ஆட்டத்துக்கு நாம் போகவில்லை. சரி, ஜெயிக்காவிட்டாலும் பெரிய அணிகளோடு ஆடிய அனுபவம் கிடைத்திருக்குமே என்பார்கள். அனுபவம் என்ன செய்தது? அர்ஜென்டினாவோடு ஆடிய அதே 1984இன் டிசம்பரில் சிங்கப்பூரில் ஆசியக் கோப்பை. நான்கு ஆட்டம் ஆடினோம். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆசியக் கோப்பையில் கால் வைக்க நமக்கு 2011 வரை ஆயிற்று. ஊருக்கே வந்து சோவியத் யூனியனும் ஹங்கேரியும் ஆடிக்காட்டிய காலம் முழுக்க, ஆசியாவின் கடைசி வரிசையில் நின்றிருக்கிறோம். வந்த அணிகளில் பல இரண்டாம் வரிசை அணிகள், ஒலிம்பிக் அணிகள் என்பதையும் இந்தப் பேச்சாளர்கள் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது அவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம். சொந்த மண்ணில் ஜெயித்துப் பழகினால் அந்தப் பழக்கம் வெளியிலும் வரும் என்பது. இதைத்தான் நான் விடவே மாட்டேன், ஏனென்றால் இதுதான் அதிகம் கெடுத்திருக்கிறது.

2007இல் நேரு கோப்பையை மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள். ஆகஸ்டில் டெல்லியில் சிரியாவை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினோம். நானும் டி.வி. முன்னால் கத்தினேன். ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக லெபனான் போய் 1-4 என்று தோற்றோம். 2009இல் மறுபடி சிரியாவை, இம்முறை பெனால்டியில் வென்றோம். 2011 ஜனவரியில் தோஹாவில் ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியாவிடம் 4, பஹ்ரைனிடம் 5, தென்கொரியாவிடம் 4. மூன்று ஆட்டத்தில் பதிமூன்று கோல் வாங்கினோம். 2012இல் கேமரூனை வென்று மூன்றாவது முறையாகக் கோப்பை. கேமரூனை வீழ்த்திய அணி என்றார்கள். வந்தது அவர்களுடைய முதல்தர அணியே அல்ல. 2015 மார்ச்சில் தரவரிசையில் 173ஆம் இடத்துக்கு விழுந்தோம். நம் வரலாற்றிலேயே அதைவிடக் கீழே போனதில்லை. மூன்று கோப்பை, மூன்று வீழ்ச்சி.

இதிலிருந்து எதையாவது படித்தோமா? 2018இல் பெயரை மாற்றி இன்டர்கான்டினென்டல் கோப்பை என்று ஆரம்பித்தார்கள். 2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வாதத்துக்கு அதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது. மார்ச்சில் இம்பாலில் மூன்று நாட்டுத் தொடர்: மியான்மரையும் கிர்கிஸ்தானையும் வென்றோம். ஜூனில் புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை: மங்கோலியாவை வென்றோம், வனுவாட்டுவை ஒரே ஒரு கோலில் வென்றோம், இறுதியில் லெபனானை 2-0 என்று வென்றோம். கையோடு பெங்களூரில் தெற்காசியக் கோப்பை. அதையும் எடுத்தோம். நான்கு மாதம், மூன்று ஊர், எல்லாம் நம் மண். தோல்வியே கிடையாது. ஜூலையில் தரவரிசை 99. பழக்கம் வந்துவிட்டது என்று எழுதாத பத்திரிகை இல்லை.

செப்டம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போனோம். எதிரே அதே லெபனான். புவனேஸ்வரில் இரண்டு கோல் அடித்து வென்றோமே, அவர்களிடம் 0-1 என்று தோற்றோம். மூன்று மாதத்துக்குள் லெபனான் மாறிவிடவில்லை. மைதானம் மாறியது, புல் மாறியது, கேலரியில் கத்துகிறவர்கள் மாறினார்கள். அவ்வளவுதான். அக்டோபரில் கோலாலம்பூரில் மலேசியாவிடம் 2-4. பிறகு 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மறுபடியும் ஒரு கோல்கூட இல்லை. 1984இல் எழுதிய அதே வரியை நாற்பது வருடம் கழித்து எழுத வைத்தார்கள்.

வீட்டில் ஜெயிக்கும் பழக்கம் வெளியில் தோற்பதைத் தடுக்கவில்லை. அதோடு நில்லாமல் நம் கண்ணையும் மறைத்தது. வனுவாட்டுவை எண்பது நிமிடம் வரை உடைக்க முடியாமல் திணறியதை, கடைசியில் இந்திய அணியின் கேப்டன் சுனில் சேத்ரி அடித்த கோல் மறக்கடித்துவிட்டது. அவருக்குப் பின்னால் கோல் அடிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த இரவே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, கோப்பை கையில் இருந்தது. 2019 ஜனவரியில் தாய்லாந்தை 4-1 வென்றோமே என்று சிலர் நினைவூட்டுவார்கள். அடுத்த இரண்டு ஆட்டத்தில் கோல் இல்லாமல் ஊர் திரும்பினோம், அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தரவரிசை ஏறும் என்கிறார்கள். 2018இல் இருந்து ஃபிஃபா போடும் கணக்கை எடுத்து யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். அழைப்புப் போட்டி எல்லாம் நட்பு ஆட்டக் கணக்கில் சேரும். ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்குள் ஆடினால் அதன் மதிப்பு 10. தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25. ஆசியக் கோப்பைக்கு 35. நம்மைவிட 200 புள்ளி குறைவான ஓர் அணியைக் கூப்பிட்டு ஜெயித்தால் கிடைப்பது மூன்று புள்ளிச் சொச்சம். டிரா செய்தால் நம் கையிலிருந்து இரண்டு புள்ளி அளவுக்குப் போய்விடும். தோற்றால் ஏழு. 2024 செப்டம்பரில் ஹைதராபாத்தில் 179ஆம் இடத்தில் இருந்த மொரீஷியஸைக் கூப்பிட்டு 0-0 என்று டிரா செய்தோம். பிறகு சிரியாவிடம் 0-3. புள்ளி சேர்க்கக் கூப்பிட்ட போட்டியில் புள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கூட்டம் வரும் என்பது அடுத்தது. 2018இல் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று வென்ற இரவு மைதானத்தில் இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். மறுநாள் சேத்ரி கேமரா முன்னால் நின்று, எங்களைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது, உண்மை. நிரப்பியது போட்டியா, அந்த மனிதரா? நாட்டுக்காக நூறாவது ஆட்டம் ஆடப்போகிற ஒருவர் கூட்டத்துக்காகக் கெஞ்ச வேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கூட்டத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 2017ஐப் பேச வேண்டும். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நாம் நடத்தினோம். அழைப்புப் போட்டி அல்ல, உலகக் கோப்பையே. 13 லட்சத்து 47 ஆயிரம் பேர் வந்து பார்த்தார்கள். அந்த வயதுப் போட்டிகளில் அது சாதனை. கூட்டம் வந்தால் மற்றது தானாக வரும் என்றால் அப்போதே வந்திருக்க வேண்டும். கொலம்பியாவுக்கு எதிராகக் கோல் அடித்த மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங்கையும் அவனுடைய கூட்டாளிகளையும் மறு சீசனே ஐ-லீக்கில் ஆடவைத்தது இந்தியன் ஆரோஸ் என்ற அணி. பெரிய கிளப்புகளில் பெஞ்சில் உட்காரவேண்டிய வயதில், வாராவாரம் பெரியவர்களோடு மோதித் தோற்றுத் தோற்று ஆடினார்கள். சம்மேளனம் உருப்படியாகச் செய்த வேலை அது. அதை 2022இல் இழுத்து மூடினார்கள். அடுத்த வருடம் புவனேஸ்வரில் கோப்பை நடத்தினார்கள். எதை மூடி எதைத் திறந்தோம் என்று பாருங்கள்.

ஜப்பானைக் காட்டுகிறவர்களும் உண்டு. 1978இலிருந்து கிரின் கோப்பை நடத்தித்தானே ஜப்பான் இன்று உலகக் கோப்பைக்குத் தவறாமல் போகிறது என்பார்கள். முதல் முறை ஜப்பான் அந்தக் கோப்பையை வென்றது 1991இல். உலகக் கோப்பைக்கு முதலில் போனது 1998இல். நடுவில் என்ன நடந்தது? 1993இல் பத்து கிளப்புகளோடு ஜே-லீக் தொடங்கியது. அதற்கும் வெகு முன்னால், 1960இல் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்கள். வருடாவருடம் ஆட லீக் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1965இல் லீக் வந்தது, 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்தது. லீக் முதலில், விருந்து பிறகு. நாமோ 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். லீக்கையே நிறுத்திவைத்து, 2026 பிப்ரவரி 14 வரை வீரர்களை லீக் ஆட்டம் இல்லாமல் உட்காரவைத்தோம். அந்த இடைவெளியில்தான் மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோம், பிறகு டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றோம்.

ஸ்பான்சர் வருவார் என்ற வாதத்துக்கு இந்த லீக் நின்றுபோன கதையே பதில். சொந்த மண்ணில் நடத்தியது பலித்ததும் உண்டே என்று கேட்பார்கள். 2008இல் நம் நாட்டில் நடந்த சேலஞ்ச் கோப்பை நமக்கு 2011 ஆசியக் கோப்பை இடம் தந்தது என்பது சரிதான். அது ஆசியச் சம்மேளனத்தின் அதிகாரப்பூர்வப் போட்டி, அழைப்பு விருந்து அல்ல.

ஒரே ஒரு எதிராளியைக் காட்டி முடிக்கிறேன். 2019இல் தஜிகிஸ்தானை அகமதாபாத்துக்கு அழைத்தோம். இடைவேளையில் 2-0 என்று முன்னால் இருந்தோம். முடிவில் 2-4. அந்தப் போட்டியில் நாம்தான் கடைசி. 2025இல் மலேசியா விலகிக்கொண்டதால் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைக்கு நமக்கு அழைப்பு வந்தது. பொறுப்பேற்றுச் சில வாரமே ஆகியிருந்த பயிற்சியாளர் காலித் ஜமீல், கிடைத்த பையன்களைக் கூட்டிக்கொண்டு ஹிசோருக்குப் போனார். எதிரே அதே தஜிகிஸ்தான், அவர்கள் மைதானம், அவர்கள் கூட்டம். பதினைந்து நிமிடத்துக்குள் அன்வர் அலியும் ஜிங்கனும் இரண்டு கோல் அடித்தார்கள். பின்பாதியில் வந்த பெனால்டியை குர்பிரீத் தடுத்தார். 2-1. பிறகு ஈரானிடம் மூன்று கோல் வாங்கினார்கள். வாங்கத்தான் வேண்டும், அதற்குத்தான் போனது. கடைசியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். எட்டு வீரர்களை வைத்துக் கோட்டை கட்டி நின்ற ஆட்டம் என்று குறை சொன்னார்கள். சொல்லட்டும். அந்த இரண்டு வாரத்தில் கற்றதை எந்த புவனேஸ்வரும் நமக்குத் தரவில்லை. அழைக்கிற காசுக்கு டிக்கெட் எடுத்துப் போங்கள் என்றுதான் சம்மேளனத்தைக் கேட்கிறேன். மிச்சக் காசு எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன்.

எட்டாம் நம்பர் பையனின் பயிற்சியாளர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறார். தேதி, எதிரணி, யார் யார் ஆடினார்கள், எவ்வளவு நேரம். பஸ் ஏறும் முன் அதை வாங்கிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து அந்த நவம்பர் வரை அந்தப் பையன் ஆடியது பதினோரு ஆட்டம், எல்லாமே இருபது நிமிட ஆட்டம். மொத்தம் 220 நிமிடம். இரண்டரை முழு ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. அடுத்தது எப்போது என்று கேட்டேன். பொங்கலுக்குத் திருவொற்றியூரில் ஒன்று வைப்பார்கள் சார், நடந்தால் போவோம் என்றார்.