பருந்தையும் பிடிக்கும் ஆந்தை

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் கொளத்தூர் தாண்டி, பாலாறு காவிரியில் சேரும் இடத்தருகே மாநில எல்லையைக் கடக்கிறார்கள். அங்கே பகலில் வட்டமிடும் பருந்தையும் வல்லூறையும் அண்ணாந்து பார்ப்பவர்கள், “இதுகளுக்கு எதிரியே கிடையாது, ஆந்தைதான் பாவம், எலி பிடித்துப் பிழைக்கிறது” என்பார்கள். இரண்டுமே தவறு.

எதிரி இல்லை என்பது பகலுக்கு மட்டுமே பொருந்தும். பொழுது சாய்ந்தால் பருந்து கிளையில் ஒடுங்கிவிடும்; இருட்டில் அதன் கண் உதவாது. பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தை அப்போதுதான் கிளம்புகிறது. அதன் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. அவை காற்றின் இரைச்சலை அடக்கிவிடும். உறங்கும் பறவைக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

எலிதான் முக்கிய உணவு என்பதை மறுக்கவில்லை. அதற்காக மற்றதைத் தொடாது என்றாகாது. இதன் ஐரோப்பிய உறவினம் பருந்து, வல்லூறு இரண்டையும் தின்றதற்கு இரை எச்சங்களே சாட்சி. அமெரிக்க அனுபவம் இன்னும் தெளிவானது. டிடிடி பூச்சிமருந்தால் அந்நாட்டின் கிழக்கில் பொரி வல்லூறு அற்றுப்போனது. 1970களில் டாம் கேட் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பு, வளர்த்த குஞ்சுகளைப் பழைய பாறை முகடுகளில் விட்டது. அங்குள்ள பெரிய கொம்பு ஆந்தைகள் இரவில் வந்து பலவற்றைக் கொன்றன. பிறகு கடலோரச் சதுப்புகளில் கோபுரம் அமைத்தும் நகரக் கட்டடங்களின் மேலும் விட்டுத்தான் அந்த இனத்தை மீட்டார்கள்.

பகலில் காக்கைகள் கூடித் துரத்துகின்றனவே, ஆந்தை கோழையல்லவா என்று கேட்பார்கள். துரத்துவது இளக்காரத்தால் அல்ல, அச்சத்தால். இரவில் தங்களைத் தேடி வருவது எது என்று அவற்றுக்குத் தெரியும். அந்த அச்சம் வீணல்ல: இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆந்தைக்கு அருகே கூடு கட்டிய கரும்பருந்துகள் குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுத்தன.

அப்படியானால் ஆந்தையை விரட்டினால் பருந்து பெருகுமா? இந்த வாதம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. வல்லூறை ஒழித்தது பூச்சிமருந்து. நம் பிணந்தின்னிக் கழுகுகளை வீழ்த்தியது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து. ஆந்தையும் பருந்தும் காலங்காலமாக ஒரே மலையில் வாழ்ந்தவை. மாந்திரீகத்துக்கென்று ஆந்தையைப் பிடித்து விற்கும் கொடுமை இந்தியச் சந்தைகளில் நடப்பதை வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் அறிக்கையாகவே வெளியிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி ஆந்தையைப் பிடித்து விற்பது குற்றம்.