புற்றுநோய் சிகிச்சையும் பெண்ணின் உரிமையும்

புற்றுநோய் கண்டால் சாவு நிச்சயம் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இளம் வயதில் இந்நோய் கண்ட பெண்களில் அநேகர் இன்று குணமடைந்து நெடுங்காலம் வாழுகிறார்கள். இது எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொண்டதால் கிடைத்த பலனல்ல. மனிதனுடைய அறிவும் ஆராய்ச்சியும் கொடுத்த பலனேயாகும். ஆனால், உயிரைக் காப்பாற்றும் அந்தச் சிகிச்சையே சில பெண்களின் பிள்ளை பெறும் சக்தியை அழித்துவிடக்கூடும். இதைப் பற்றி அப்பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே சிகிச்சையை ஆரம்பித்துவிடுவது எந்த விதத்தில் நியாயம் என்று கேட்கிறோம்.

விஷயத்தைப் பார்ப்போம். ஒரு பெண் பிறக்கும்போது அவளது சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை முட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது 3, 4 லட்சந்தான் மிஞ்சுகின்றன. புதிதாக உண்டாவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும், அடிவயிற்றில் பாய்ச்சும் கதிர்வீச்சும் இந்த இருப்பைக் கரைத்துவிடுகின்றன. எவ்வளவு கரையும் என்பது மருந்தின் இனத்தையும் அளவையும் பெண்ணின் வயதையும் பொறுத்ததே தவிர, தலையெழுத்தைப் பொறுத்ததல்ல.

இதற்குப் பரிகாரம் இல்லாமலுமில்லை. சிகிச்சைக்கு முன் சுமார் 2 வாரம் கிடைத்தால் முட்டைகளை எடுத்து உறையவைத்துக் காக்கலாம். அவ்வளவு அவகாசமில்லாதவர்களுக்கும், பருவமடையாத சிறுமிகளுக்கும் சினைப்பையின் ஒரு பாகத்தையே எடுத்து உறையவைக்கலாம். பெல்ஜியம் தேசத்தில் 1997-ல் ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் கண்ட 25 வயதுப் பெண்ணுக்கு இவ்விதம் செய்து, 2003-ல் அதைத் திரும்பப் பொருத்தினார்கள். 2004-ல் அவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

மார்புப் புற்று வந்தவள் பிள்ளை பெற்றால் நோய் திரும்பும் என்ற பயமும் ஆராயப்பட்டிருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையைச் சிறிதுகாலம் நிறுத்திக் கருத்தரிக்க முயன்ற 516 பெண்களைப் பற்றி 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், கவனித்துவந்த சுமார் மூன்றரை வருஷ காலத்தில் நோய் திரும்புவது அதிகப்படவில்லை என்று கண்டார்கள்.

இவை எல்லோருக்கும் பலிக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ரத்தப் புற்றில் சினைப்பைத் துண்டோடு நோயும் திரும்பி வரக்கூடும். சிலருக்குச் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க முடியாது. செலவும் ஏழைகளுக்கு எளிதல்ல. ஆனால் முடியுமா முடியாதா என்பதைத் தெரிந்துகொள்ளவாவது அவளுக்குப் பாத்தியமில்லையா? அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006-லேயே, சிகிச்சைக்கு முன் கூடியவரை சீக்கிரமாக இதைப் பேசவேண்டுமென்று வைத்தியர்களுக்கு வழி வகுத்துக் கொடுத்தது.

பின் ஏன் பேசுவதில்லை? "உயிர் பிழைத்தால் போதாதா?" என்கிறார்கள். "கலியாணமாகாத பெண்ணிடம் இதையெல்லாம் பேசலாமா?" என்கிறார்கள். பேசினாலும் தகப்பனையும் புருஷனையும் தனியே அழைத்துத்தான் பேசுகிறார்கள். நோய் அவளுடையது, உடம்பு அவளுடையது. யோசனை மாத்திரம் ஆண்களுடையதா? இன்று வாய் திறக்க வெட்கப்படுகிற இதே சமூகந்தான், நாளைக்கு அவளை "மலடி" என்று நாக்கூசாமல் அழைத்து, சுபகாரியத்தில் ஒதுக்கி நிறுத்துகிறது.

"பெண் பிள்ளை பெறும் யந்திரமல்ல என்று சொல்லுகிறவர்கள் இதற்கு ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். பெற்றே தீரவேண்டுமென்று கட்டாயப்படுத்துவது எவ்வளவு அக்கிரமமோ, அவளைக் கேளாமலே அவ்வழியை அடைத்துவிடுவதும் அவ்வளவு அக்கிரமந்தான். வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். வேண்டாமென்றால் அதற்காக அவளை ஒருவரும் குறை சொல்லக்கூடாது.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ ஊரிலோ ஓர் இளம் பெண்ணுக்கு இந்நோய் கண்டால், முதல் மருந்து ஏறுவதற்கு முன் அவளையே வைத்தியரிடம் கேட்கச் செய்யுங்கள். இம்மருந்து கருத்தரிப்பைப் பாதிக்குமா? காக்க வழியுண்டா? அதற்கு அவகாசமும் செலவும் எவ்வளவு? சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் கழித்துக் கருத்தரிக்கலாம்? மாதவிடாய் நின்றிருந்தாலும் சிகிச்சைக் காலத்தில் கரு உண்டாகாதபடி காத்துக்கொள்வது எப்படி? சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்த யோசனையும் சிகிச்சையும் ஏழைப் பெண்களுக்கு இனாமாகக் கிடைக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்யுங்கள். கேட்க வெட்கப்படவேண்டியது ஒன்றுமில்லை. கேளாமலிருப்பதற்கே வெட்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.